பெயரற்றோர்க்கு ஓர் இரங்கற்பா: தாமஸ் கிரேயும் கள்ளக்குறிச்சி மண்ணும்

வாழ்வு, மரணம், அறம் ஆகிய மூன்றையும் ஒருங்கே எண்ணிப் பார்த்த ஆங்கிலக் கவிஞர் பலர். அவர்களுள் தாமஸ் கிரேக்குத் தனியிடம் உண்டு. அவர் எழுதிய கவிதைகள் எண்ணிக்கையில் மிகச் சில. ஆயினும் 1751 பிப்ரவரி 15 அன்று, ஆசிரியர் பெயரின்றி, ஆறு பென்னி விலையில், ஒரு சிறு வெளியீடாக இலண்டனில் வந்த அவருடைய கிராமக் கல்லறை இரங்கற்பா, 128 அடிகளுக்குள் அடங்கியும் இரண்டரை நூற்றாண்டுக்கு மேலாகப் படிக்கப்பட்டு வருகிறது. தாமஸ் ஹார்டி 1874இல் வெளியிட்ட தம் நாவல் ஒன்றுக்கு இதிலிருந்தே தலைப்பெடுத்தார். நம் நாட்டுக் கல்லூரிகளிலும் தலைமுறை தலைமுறையாக இது பாடமாக இருந்து வந்துள்ளது.

பாடமாக இருக்கும்போது இக்கவிதைக்குப் பெரும்பாலும் ஒரே பொருள்தான் சொல்லப்படுகிறது: உலகம் நிலையற்றது, செல்வரும் வறியரும் மண்ணுக்குள் ஒன்று. இது உண்மையே. ஆனால் இதற்காகத் தமிழ் முஸ்லிம் வாசகன் பக்கிங்ஹாம்ஷயர் வரை செல்ல வேண்டியதில்லை. வள்ளுவத்தில் நிலையாமைக்கென ஓர் அதிகாரமே இருக்கிறது. சித்தர் பாடல்களும் குணங்குடி மஸ்தான் சாகிபு (1792–1838) பாடல்களும் உடலின் நிலையாமையை ஓயாது நினைவூட்டுபவை. கூஃபா நகரில் மண்பாண்டம் விற்று வளர்ந்த அரபுக் கவிஞர் அபுல் அத்தாஹியா, கிரேக்கு ஏறத்தாழ ஒன்பது நூற்றாண்டுகளுக்கு முன்பே, கலீஃபாக்களின் அவையில் மரணத்தைப் பாடிக் கேட்போரைக் கலங்கச் செய்தார். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தம் இஹ்யா பெருநூலின் நாற்பதாம் பகுதியை, அதாவது நிறைவுப் பகுதியை, மரண நினைவுக்கே ஒதுக்கினார்.

எனவே கிரேயின் சிறப்பை நிலையாமைக் கருத்தில் தேடுவது வீண். அவர் எவருடைய மரணத்தைப் பாடினார், அதிலிருந்து அறத்தைப் பற்றி என்ன முடிவுக்கு வந்தார், அம்முடிவு சரிதானா என்பவையே நாம் கேட்க வேண்டிய வினாக்கள். இவ்வினாக்களை நம் நிலத்திலேயே, கள்ளக்குறிச்சி மண்ணிலும் அதன் மேற்கே எழுந்து நிற்கும் கல்வராயன் மலையிலும் வைத்து உரசிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கவிஞரும் கல்லறைத் தோட்டமும்

கிரே 1716 டிசம்பர் 26 அன்று இலண்டனில் பிறந்தார். பெற்றோர்க்குப் பிறந்த பன்னிரு குழந்தைகளுள் உயிர் தரித்தவர் இவர் ஒருவரே. தந்தை கொடுமைக்காரர். தாய் தம் தமக்கையோடு தொப்பி, ஆடை அணிகள் விற்கும் கடை நடத்தி, அந்த வருவாயில் மகனை ஈட்டன் பள்ளியில் படிக்க வைத்தார். பிறப்பிலேயே பதினொரு சாவுகளைப் பின்னணியாகக் கொண்டவர் மரணத்தைப் பாடியதில் வியப்பில்லை.

1742 ஜூன் மாதத்தில் அவருடைய உயிர் நண்பர் ரிச்சர்ட் வெஸ்ட் இருபத்தைந்து வயதில் மறைந்தார். இரங்கற்பாவின் முதல் விதை அத்துயரில் விழுந்தது என்று கருதும் ஆய்வாளர் உண்டு. 1749 நவம்பரில் பெரியன்னை ஒருவர் இறந்து, ஸ்டோக் போஜஸ் என்னும் சிற்றூரின் தேவாலய முற்றத்தில் அடக்கப்பட்டார். 1750 ஜூன் 12 அன்று அவ்வூரிலிருந்தே கிரே முடிவுற்ற கவிதையை நண்பர் ஹொரேஸ் வால்போலுக்கு அனுப்பினார். கைப்படியாகப் பலரிடம் பரவிய கவிதையை இதழொன்று இசைவின்றி அச்சிட முனைந்ததால்தான் அது அவசரமாக நூலுருப் பெற்றது. புகழைத் தேடிச் சென்றவர் அல்லர் அவர். 1757இல் அரசவைக் கவிஞர் பதவி வந்தபோதும் மறுத்துவிட்டார்.

கவிதையின் போக்கு எளியது. மாலை மணி ஒலிக்கிறது. ஆநிரை வீடு திரும்புகிறது. உழவன் களைத்து நடக்கிறான். இருளும் கவிஞரும் மட்டும் எஞ்சுகின்றனர். மரங்களின் அடியில் மண்மேடுகளில் அவ்வூரின் மூதாதையர் உறங்குகின்றனர். இனி அவர்களைச் சேவலும் எழுப்பாது. அவர்களுக்காக அடுப்பும் எரியாது. தந்தை வந்துவிட்டார் என்று மழலைகள் ஓடி வரவும் மாட்டா. பெருமிதம் மிக்கோர் இவர்களை எள்ள வேண்டா. ஏனெனில் குலமும் அதிகாரமும் அழகும் செல்வமும் சென்று சேருமிடம் இதுவே. இவர்களுள் நாடாளத்தக்க கையும், யாழ் மீட்டத்தக்க விரலும் இருந்திருக்கலாம். வறுமை அவற்றை உறையச் செய்துவிட்டது. கடலடியில் காணப்படாத மணியும், யாரும் நுகராத பாலைப் பூவும் உவமைகளாகின்றன. இறுதியில் கவிஞர் தம் மரணத்தையே கற்பனை செய்கிறார். முதிய ஊரான் ஒருவன் அவரைப் பற்றி வழிப்போக்கனுக்குச் சொல்ல, கல்லறை வாசகத்தோடு கவிதை முடிகிறது.

கையறுநிலையும் நடுகல்லும்

இக்கவிதை எழுந்த காலத்தில் இரங்கற்பா என்பது பெரியோர்க்கு உரியதாகவே இருந்தது. தமிழிலும் அதுவே மரபு. தலைவன் இறந்தபின் அவனைச் சார்ந்தோர் செயலற்று நின்று பாடுவதைக் கையறுநிலை என்றனர் நம் முன்னோர். பாரியும் அதியமானும் இறந்தபோது எழுந்த புறநானூற்றுப் பாடல்கள் அத்துறையின் உச்சங்கள்.

அக்கையறுநிலையின் தலைசிறந்த புலவர் தம் இறுதியைக் கண்ட நிலம் இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டத்தில்தான் இருக்கிறது என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. 2019இல் விழுப்புரத்திலிருந்து பிரிக்கப்பட்ட இம்மாவட்டத்தில் திருக்கோவலூர் அடங்கும். பாரியை இழந்த கபிலர், அவன் மகளிரைக் காத்து, பின்னர் தென்பெண்ணைக் கரையில் உயிர் துறந்தார் என்பது மரபு. முதலாம் இராசராசன் காலத்துத் திருக்கோவலூர்க் கல்வெட்டும் அவர் தீப்புகுந்த செய்தியைச் சொல்கிறது. ஆற்றின் நடுவே நிற்கும் பாறையை மக்கள் இன்றும் கபிலர் குன்று என்கின்றனர்.

கபிலர் பாடியது ஒரு வள்ளலை. பக்கத்துச் செங்கம் பகுதியில் மிகுதியாகக் கிடைக்கும் நடுகற்களோ, ஆநிரை மீட்கப் போராடி வீழ்ந்த வீரரின் பெயரைப் பொறித்து வைத்திருக்கின்றன. ஆக, வள்ளலுக்குப் பாட்டு, வீரனுக்குக் கல். அந்த ஆநிரையை நாள்தோறும் மேய்த்தவனுக்கும், வள்ளலின் களத்து நெல்லை விளைவித்தவனுக்கும் பாட்டுமில்லை, கல்லுமில்லை. ஐரோப்பிய மரபிலும் அந்த இடம் வெற்றிடமாகவே இருந்தது. கிரே செய்த புதுமை அவ்வெற்றிடத்தில் நின்றதுதான். எவருடைய பெயரையும் குறிப்பிடாமல், ஓர் ஊரின் பெயரற்ற உழவர் அனைவருக்கும் சேர்த்து ஒரு கையறுநிலை பாடினார். கிரேயின் ஓடை வகைப் பாடல்களைச் சிறிதும் விரும்பாத திறனாய்வாளர் சாமுவேல் ஜான்சன்கூட, இந்த ஒரு கவிதையில் சாதாரண வாசகரின் தீர்ப்போடு தாம் உடன்படுவதாக எழுதினார். எல்லோர் நெஞ்சிலும் ஏற்கெனவே கிடந்த ஒன்றை இக்கவிதை எடுத்துத் தந்தது என்பதே அவர் கண்ட காரணம்.

இயலாமை அறமாகுமா?

கிரேயின் அறச் சிந்தனை தடுமாறும் இடமும் இக்கவிதையிலேயே உண்டு. வறுமை இவர்களுடைய ஆற்றல்களை மட்டும் தடுக்கவில்லை, குற்றங்களையும் தடுத்தது என்கிறார் அவர். குருதியில் நடந்து அரியணை ஏறும் வாய்ப்பு இவர்களுக்கு இல்லை. மனச்சான்றை மறைத்துச் செல்வரின் புகழ் பாடும் தேவையும் இல்லை. ஆரவாரத்திற்கு அப்பால் அமைதியான பள்ளத்தாக்கில் இவர்கள் வாழ்ந்து முடிந்தனர். இழப்புக்கு இது ஓர் ஈடு என்பது போல அவ்வாதம் அமைகிறது.

1935இல் ஆங்கிலத் திறனாய்வாளர் வில்லியம் எம்ப்சன் இவ்விடத்தைக் கூர்ந்து நோக்கினார். ஏழையின் திறமை வீணாவது சமூக ஏற்பாட்டின் விளைவு. மணி கடலடியில் கிடப்பதோ இயற்கை. ஒன்றை மற்றொன்றால் உவமித்ததும், மாற்றக் கூடியது மாற்றவியலாதது போல் ஆகிவிடுகிறது. மணி குகையில் கிடப்பதால் துன்புறுவதில்லை. பூ பறிக்கப்படாமல் இருப்பதையே விரும்பும். மனிதன் அப்படியா? இதுவே எம்ப்சன் எழுப்பிய ஐயம்.

இவ்வையத்தைக் கல்வராயன் மலையில் வைத்துப் பார்ப்போம். வெள்ளிமலையைத் தலைமையிடமாகக் கொண்ட இம்மலைப்பகுதியில், சாமையும் தினையும் கேழ்வரகும் விளைத்து, கடுக்காயும் புளியும் சேகரித்து வாழ்பவர் மலையாளி எனப்படும் பழங்குடியினர். காஞ்சிப் பகுதியிலிருந்து மலையேறிய முன்னோரின் வழிவந்தவர் என்பது அவர்களுடைய மரபுரை. சடையக் கவுண்டன், குறும்பக் கவுண்டன், ஆரியக் கவுண்டன் என்னும் ஜாகிர்களின் ஆளுகையில் இம்மலை நெடுங்காலம் இருந்தது. நாடு விடுதலை பெற்று ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழிந்து, 1976இல்தான் இது அரசின் நேரடி ஆளுகைக்குள் வந்தது. கோமுகி ஆறு பிறக்கும் இம்மலையின் அருவிகளையும் பசுமையையும் காணும் பயணி, கிரே சொன்ன அமைதிப் பள்ளத்தாக்கு இதுதான் என்று எண்ணக்கூடும். ஆனால் அவ்வமைதிக்குள் இருந்தது தன் உழைப்பின் பயன் தனக்கு உரியதில்லாத வாழ்வு. பள்ளியும் சாலையும் எட்டாத அங்கே மணிகள் கிடந்திருக்கலாம். அவற்றை அங்கே கிடத்தியது கடல் அன்று, மனிதக் கை.

வறுமை குற்றத்திலிருந்து காக்கும் என்னும் கருத்தும் இம்மண்ணில் நிற்கவில்லை. 2024 ஜூன் மாதம், கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரம் பகுதியிலும் சுற்றுப்புறங்களிலும் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்தவர்களுள் 65 பேருக்கு மேல் மாண்டனர். பெரும்பாலோர் அன்றாடக் கூலிகள், பெண்களும் இருந்தனர். ஆலைப் பயன்பாட்டுக்கான மெத்தனால் உடலுக்குள் சென்றால் ஃபார்மிக் அமிலமாக மாறும். முதலில் பார்வை நரம்பைத் தாக்கி, பிறகு உயிரைக் குடிக்கும். கோமுகி ஆற்றங்கரையில் வரிசையாக அடுக்கப்பட்ட சிதைகள் ஒரே நாளில் எரிந்தன. கருணையின் பெயர் தாங்கிய தெருக்களில் பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகள் நின்றனர்.

இங்கே வறுமை ஏழையைத் தீமையிலிருந்து காக்கவில்லை. தீமைக்கு மலிவான இரையாகவே ஆக்கியது. உடல் வலியை மறக்க நாடியவனுக்கு மலிவு விலையில் நஞ்சு கிடைத்தது. அதை விற்றவனும் பெருஞ்செல்வன் ஆக வேண்டியதில்லை. சிற்றூர் அளவிலேயே கொலைபாதகம் இயலும். குற்றத்திற்கு அரியணை தேவை என்று கிரே கருதினார். ஒரு பிளாஸ்டிக் உறையே போதும் என்று கள்ளக்குறிச்சி காட்டியது.

கருத்தளவிலும் கிரேயின் வாதம் குறையுடையது. தீமை செய்ய இயலாதிருத்தல் அறம் ஆகாது. வெகுளி பலிக்கும் இடத்தில் அதை அடக்குபவனே உண்மையில் சினம் காத்தவன் என்பது வள்ளுவரின் வெகுளாமை அதிகாரம் தொடங்கும் கருத்து. நபி யூசுஃப் (அலை) அவர்களின் கற்பு போற்றப்படுவது, கதவுகள் அடைக்கப்பட்ட அறையில் வாய்ப்பு முன்னிற்கையில் அவர்கள் விலகியதால்தான். நிய்யத்தும் தேர்வும் இல்லாத இடத்தில் அறத்திற்கு வேர் இல்லை. தேர்வுக்கு இடமில்லாத வாழ்வை அறவாழ்வு என்று புகழ்வது, வாழ்ந்தவனுக்குப் பெருமை சேர்ப்பது போல் தோன்றும். உண்மையில் புகழ்பவனுடைய மனச்சான்றுக்கே அது ஆறுதல்.

அழித்தெழுதிய முடிவு

இத்துடன் நின்றுவிட்டால் கிரேக்கு நாம் நீதி செய்தவர்கள் ஆகமாட்டோம். ஏனெனில் இக்குறையை அவரே உணர்ந்திருந்தார் என்பதற்குச் சான்று அவருடைய கையெழுத்துப் படியில் உள்ளது.

ஈட்டன் கல்லூரியில் காக்கப்படும் முற்படியில், அமைதிப் பள்ளத்தாக்கைப் புகழும் இடத்திற்கு அருகில் அச்சில் காணப்படாத நான்கு செய்யுள்கள் இருக்கின்றன. வெற்றியையும் பெருமையையும் உலகம் வணங்கட்டும், நீ விதியோடு முரணாமல் அமைதியாக உன் வழியே போ என்று கவிஞர் தமக்குத்தாமே சொல்லிக்கொள்வது அவற்றின் சாரம். கவிதை முதலில் இங்கேயே முடிந்திருந்தது என்று அவருடைய நண்பர் வில்லியம் மேசன் பின்னர் எழுதினார். அழகான, அடக்கமான முடிவு அது. ஆயினும் கிரே அச்செய்யுள்களை அப்படியே விட்டுவைக்கவில்லை. அவற்றை விலக்கி, கவிதையை வேறு திசையில் நீட்டினார்.

நீட்டிய பகுதி எதைச் சொல்கிறது? இவ்வேழைகளும் தம் எலும்புகள் இழிவுபடாதிருக்க ஒரு சிறு கல் நட்டிருக்கின்றனர். எழுத்தறிவு குறைந்தவன் செதுக்கிய பெயரும் ஆண்டும் அதில் இருக்கின்றன. மறதிக்கு முற்றிலும் இரையாக எவரும் மனமொப்புவதில்லை. பிரியும் உயிர் அன்புள்ள ஒரு நெஞ்சில் சாயவே விரும்புகிறது. அதாவது, இவர்கள் தங்கள் நிலையில் நிறைவுற்று உறங்கினர் என்று சற்று முன் சொன்னவரே, இல்லை, இவர்களும் நினைக்கப்பட விரும்பினர் என்று திருத்திக்கொள்கிறார். பூ பறிக்கப்படுவதை வேண்டாது. கல் நட்டவனோ காணப்படுவதை வேண்டுகிறான். எம்ப்சன் 1935இல் எழுப்பிய ஐயத்திற்குக் கவிதை தன்னளவில் தந்த விடை இதுவே என்று கொள்ளலாம்.

மற்றொரு திருத்தமும் இத்திசையிலேயே செல்கிறது. முற்படியில் ஊர்ப்புற மேதைகளுக்கு ஒப்பாகக் கேட்டோ, சிசரோ, சீசர் என்னும் உரோமானியர் நின்றனர். அச்சில் அவர்கள் ஹாம்ப்டன், மில்டன், கிராம்வெல் ஆகின்றனர். அரசனின் முறையற்ற வரியை எதிர்த்த ஹாம்ப்டன், ஸ்டோக் போஜஸ் அமைந்த அதே பக்கிங்ஹாம்ஷயர் மாவட்டத்தவர். தொலைவான பழங்காலத்தை விட்டுத் தம் காலடி மண்ணுக்குக் கவிஞர் வந்துவிட்டார். எதிர்த்து நிற்கும் ஒருவன் இந்த உழவருள்ளும் இருந்திருப்பான் என்று சொல்லத் துணிந்தபோது, அமைதியே அறம் என்னும் தம் வாதத்தை அவரே உள்ளிருந்து அசைத்துவிட்டார்.

ஒரு கவிதையை அதன் கருத்தைக் கொண்டு மட்டும் மதிப்பிடுவது போதாது. அது தன் கருத்தோடு எவ்வாறு போராடியது என்பதையும் காண வேண்டும். அவ்வகையில் இரங்கற்பா முதலில் ஓர் எளிய ஆறுதலைத் தேடி, பின்பு அதில் தங்க மறுத்த நூலாகிறது. அதன் நேர்மை அம்மறுப்பில் இருக்கிறது.

கூட்டிப் பெருக்கியவரின் கபுர்

பெயரற்றவர் நினைக்கப்பட வேண்டும் என்னும் இவ்வுணர்வு நமக்கு அயலானது அன்று. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் பள்ளிவாசலைக் கூட்டிப் பெருக்கி வந்த ஒருவர் இறந்துபோனார். அவருடைய மறைவை யாரும் பெரிதாக எண்ணாமல் அடக்கிவிட்டனர். சில நாள்களில் அவரைக் காணாத அண்ணலார் விசாரித்தார்கள். தமக்குச் சொல்லாததற்காகத் தோழர்களைக் கடிந்தார்கள். அந்தக் கபுரைக் காட்டச் சொல்லி அங்கே சென்று தொழுதார்கள். புகாரீ, முஸ்லிம் ஆகிய இரு பெருந்தொகுப்புகளிலும் இடம்பெறும் செய்தி இது. கிரேயின் 128 அடிகள் சென்று சேர விரும்பிய இடத்தை இந்தச் சிறு நிகழ்ச்சி பதினொரு நூற்றாண்டுகளுக்கு முன்பே அடைந்திருந்தது. கிரேயின் உழவர்களை நினைக்க ஒரு கவிஞர் தற்செயலாக அம்மாலையில் அங்கே நின்றார். இங்கேயோ, காணாமற்போனவரைத் தேடிச் செல்வது ஒரு கடமையாகவே காட்டப்பட்டது.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. கருணாபுரத்தில் இறந்தவர்களைப் பற்றி அந்நாள்களில் ஒரு பேச்சு எழுந்தது. குடித்துச் செத்தவர்களுக்கு ஏன் இரக்கம், ஏன் பத்து இலட்சம் ரூபாய் நிவாரணம் என்று படித்தவர்களே கேட்டனர். மதுவை முற்றாக விலக்கிய சமயத்தைச் சார்ந்த நம்மிடையே அக்கேள்வி எளிதில் வேர்விடக் கூடும். மது விலக்கப்பட்டது என்பதில் ஐயமில்லை. ஆனால் மதுவுக்காகப் பலமுறை தண்டிக்கப்பட்ட ஒருவரைச் சபித்த தோழரை அண்ணலார் தடுத்தார்கள். யூதர் ஒருவரின் ஜனாஸா கடந்து சென்றபோது எழுந்து நின்று, அதுவும் ஓர் ஆன்மா அல்லவா என்று உணர்த்தினார்கள். தீமையை வெறுப்பதும் தீமைக்கு இரையானவனை வெறுப்பதும் ஒன்றல்ல. இரங்கற்பாவுக்குத் தகுதி உடையவர் யார் என்று கேட்கத் தொடங்கிவிட்டால், வள்ளலுக்குப் பாட்டும் வீரனுக்குக் கல்லும் மட்டுமே இருந்த பழைய எல்லைக்கே நாம் திரும்பிச் சென்றவர்கள் ஆவோம்.

நினைத்தல் மட்டும் போதுமா என்பதே இறுதி வினா. கிரே அதற்கு மேல் செல்லவில்லை. கல்லறைத் தோட்டத்தின் வாயிலோடு அவருடைய அறம் நின்றுவிடுகிறது. உயிரோடு இருக்கும் உழவனின் வறுமையை உடைக்க வேண்டும் என்று அவர் ஓரிடத்தும் சொல்லவில்லை. இதுவே அக்கவிதையின் எல்லை. கள்ளக்குறிச்சியில் நினைவு சற்றே செயலாகவும் மாறியது. மரணங்களை ஒட்டி 2024இல் சென்னை உயர்நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் நிலையைத் தானாக முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டு, சாலை, மருத்துவம், கல்வி பற்றி அரசிடம் விளக்கம் கேட்டது. சாராய மரணங்கள் குறித்த விசாரணை அதே ஆண்டு நவம்பரில் மத்தியப் புலனாய்வுத் துறையிடம் ஒப்படைக்கப்பட்டது. இறந்தவர்களின் பொருட்டு இருப்பவர்களின் நிலை கேட்கப்பட்டது. இரங்கலுக்கு அறம் என்னும் பெயர் பொருந்துவது இந்த இடத்தில்தான்.

கிரே 1771 ஜூலை 30 அன்று காலமானார். தம் விருப்பப்படி ஸ்டோக் போஜஸில், தாயின் கல்லறையிலேயே அடக்கப்பட்டார். தாய்க்காக அவர் எழுதிய வாசகம் அக்கல்லின் மேல் இருக்கிறது. கவிஞரின் பெயர் அதில் இல்லை. அவர் அங்கே உறங்குகிறார் என்பதைத் தேவாலயச் சுவரில் தனியே பதித்த பலகைதான் தெரிவிக்கிறது. பெயரற்றவரைப் பாடியவர் பெயரற்றவரோடு கலந்துவிட்டார். ஆனால் அவர் மறக்கப்படவில்லை. கோமுகிக் கரையில் சாம்பலாகிப் போனவர்களுக்கு அத்தகைய கவிதை இல்லை. அவர்களுக்கான நினைவுக்கல்லை, உயிரோடு இருக்கும் அவர்களுடைய பிள்ளைகளின் வாழ்வில்தான் நாம் நட்டாக வேண்டும்.